கூவம் வளைந்த தீவு

திருஞானசம்பந்தர் பாடியருளியதும், மூர்க்க நாயனார் அவதரித்ததுமான திருவேற்காட்டை வணங்கி மீளும் அன்பர் பலர், அருகே ஓடும் கூவத்தை மூக்கைப் பொத்திக்கொண்டே கடக்கின்றனர். அந்த ஆறு எங்கிருந்து வந்து எங்குச் சேர்கிறது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

கூவம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடும் ஆறு. திரிபுராந்தகேசுவரர் எழுந்தருளியுள்ள திருவிற்கோலம் என்னும் பாடல்பெற்ற தலமே இன்று கூவம் என வழங்கும் ஊர். திருவேற்காட்டைக் கடந்து மதுரவாயல், அமைந்தகரை, எழும்பூர் வழியாகச் சிந்தாதிரிப்பேட்டையை அடையும் ஆறு, அங்கிருந்து இரு கிளையாகப் பிரிந்து ஒரு நிலத்தைச் சூழ்ந்து, மீண்டும் கூடிக் கடலில் கலக்கிறது. அந்நிலமே சென்னைத் தீவுத்திடல்.

இது இயற்கை தந்த தீவன்று. வடக்கே ஓடிய எழும்பூர் ஆற்றையும் கூவத்தையும் கம்பெனியார் காலத்தில் வாய்க்கால் வெட்டி இணைத்தமையால் இடைநிலம் தீவாயிற்று. 1820 முதல் 1827 வரை ஆளுநராயிருந்த தாமசு மன்றோவின் குதிரைச் சிலை 1839இல் இங்கு நிறுவப்பெற்றது. அங்கவடியின்றி அவர் அமர்ந்திருக்கும் கோலத்தை இன்றும் காணலாம். ஆறு கடலைச் சேருமிடத்தில் 1869இல் நேப்பியர் பாலம் எழுந்தது. அரசின் சுற்றுலாப் பொருட்காட்சியால் இத்திடலை அறியாதார் சிலரே.

இத்தீவுக்குச் சற்று மேற்கே கோமளீசுவரன்பேட்டை உள்ளது. கோயில் அறங்களுக்குத் தம் பொருளை உயிலில் எழுதிவைத்த வள்ளல் பச்சையப்ப முதலியார் (1754–1794), கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரை வழிபட்டார் என்பர். நீராடத் தகுந்த ஆறு கழிவுநீர் ஓடையானது நம் கைகளால்தான். குப்பையும் ஆக்கிரமிப்பும் ஆற்றைக் குறுக்கின. 2015 டிசம்பரில் வெள்ளம் பெருகியபோது கரையோர எளிய குடும்பங்கள் பல வாழ்விடம் இழந்தன.

அன்பர்களே! இங்கு நாம் ஆற்றிலிடும் வாடிய மாலையும் நெகிழிப் பையும் மறைந்துபோவதில்லை. தீவின் பாலங்களுக்கடியில் தேங்கி, அங்குள்ளோர் வாயிலில் நீரை ஏற்றுகின்றன. ஆகவே நிர்மாலியத்தை ஆற்றில் விடாது மரத்தடியில் மண்ணுக்கு எருவாக்குவோம். நெகிழியை வீட்டிலேயே விட்டு வருவோம். இறைவன் திருமுடியில் தாங்கியது ஆற்றையன்றோ! அதனைப் பேணுதலும் வழிபாடே ஆகும். வேதபுரீசுவரர் திருவருள் துணை நிற்பதாக.