அப்பா துப்பாக்கி மகனுக்கு வரும், லைசென்சு வராது!

பெங்களூருக்குக் கொண்டு போகும் முன் என்ன செய்ய வேண்டும்?

மாம்பலத்தில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து விட்டது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். மகனுக்குப் பெங்களூரில் வேலை. மறுநாள் காலை அவனும் காரில் புறப்பட வேண்டும்.

அம்மா பீரோவைத் திறக்கிறாள். அடித்தட்டில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி! தாத்தா தோட்டத்தில் பன்றி விரட்ட வாங்கியது. அவருக்குப் பிறகு அப்பா பேருக்கு லைசென்சு வாங்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து, கண் போல வைத்திருந்தார்.

"நான் ஒண்டியா இதை வெச்சுக்கிட்டு என்னடா பண்ணுவேன்? நீயே எடுத்துட்டுப் போயிடு" என்கிறாள் அம்மா.

"டிக்கியிலே போட்டுக்கிட்டுப் போப்பா. அப்பா பொருளு மகனுக்குத்தானே? எவன் கேக்கப் போறான்?" என்கிறார் தாய்மாமன்.

கேட்பார்கள்! ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளியில் போலீசார் காரை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னால் போதும். மகன் கம்பி எண்ண வேண்டியதுதான்.

குறைந்தது 2 ஆண்டு!

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தி தண்டனையைக் கூட்டி விட்டார்கள். இப்போது குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு ஜெயில். அபராதமும் உண்டு.

"எங்க அப்பா துப்பாக்கி சார்" என்றால் கேசு நிற்காதா? நிற்கும். வீடு, நகை, நிலம் போலத் துப்பாக்கியும் வாரிசுக்குச் சேரும் சொத்துதான். ஆனால் லைசென்சு அந்த ஒரு ஆளுக்குக் கொடுத்தது. ஆள் போனால் அதுவும் போச்சு.

ரிப்பேருக்கோ, லைசென்சு புதுப்பிக்கவோ துப்பாக்கியை இன்னொருவர் எடுத்துப் போகச் சட்டத்தில் இடம் உண்டு. லைசென்சுக்காரர் கூட இருக்க வேண்டும். அல்லது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அவரே காலமான பிறகு அந்தச் சீட்டுக்கு என்ன மதிப்பு?

முதல் வேலை ஒப்படைப்பு

அதனால் காரியம் முடிந்த கையோடு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அப்பாவின் லைசென்சு புத்தகத்தோடு பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்கிறபடி துப்பாக்கியையும், மீதி இருக்கும் தோட்டாக்களையும் ஒப்படைக்க வேண்டும். லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடையிலும் ஒப்படைக்கலாம். கடைக்காரர் பாதுகாப்புக் கட்டணம் கேட்பார்.

ரசீது வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்! துப்பாக்கியின் கம்பெனி, நம்பர், தோட்டா எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

ஒப்படைத்து விட்டால் துப்பாக்கி கை நழுவிப் போய்விடாது. வாரிசுக்கு லைசென்சு கிடைத்ததும் திரும்ப வாங்கலாம். வேண்டாம் என்றால் லைசென்சு உள்ள இன்னொருவருக்கு விற்றுப் பணத்தை வாங்கிக் கொள்ளலாம். ஆனால் அதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் அரசாங்கத்துக்குச் சேர்ந்து விடும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று ரசீதை பீரோவில் போட்டு மறந்து விடக் கூடாது.

மனு எங்கே?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அப்பாவுக்குச் சென்னையில் கொடுத்த லைசென்சு, அதனால் சென்னையிலேயே மனுப் போடலாம் என்று நினைக்கிறார்கள்.

மகன் எங்கே குடியிருக்கிறானோ, அந்த ஊர் அதிகாரியிடம்தான் மனு. பெங்களூர் என்றால் அங்குள்ள போலீஸ் கமிஷனர். மாவட்டங்களில் கலெக்டர்.

அப்பாவின் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் கூடப் பிறந்தவர்களும் "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று எழுதிய பத்திரம், அப்பாவின் லைசென்சு, ஒப்படைத்த ரசீது, மகனின் முகவரி அத்தாட்சி, டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். மகளும் வாரிசுதான், அவரும் மனுப் போடலாம்.

அப்புறம் உள்ளூர் போலீசார் விசாரிப்பார்கள். கேசு ஏதும் உண்டா, ஆள் எப்படி என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். அப்பீலும் செய்யலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்துக் கொள்ளலாம் என்று இருந்ததை 2019-ல் 2 ஆகக் குறைத்து விட்டார்கள். பரம்பரைத் துப்பாக்கிக்கும் இதே கணக்குதான். மகனிடம் ஏற்கெனவே 2 இருந்தால் அப்பாவுடையதை வாங்க முடியாது.

எல்லையைப் பாருங்கள்!

லைசென்சு கைக்கு வந்தாச்சு. உடனே சென்னைக்கு வண்டி ஏறலாமா? பொறுங்கள்!

அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று லைசென்சிலேயே எழுதியிருக்கும். கர்நாடகம் மட்டும் என்று இருந்தால், மாம்பலத்தில் துப்பாக்கியைக் கையில் வாங்கும்போதே வம்பு.

எனவே மனுவிலேயே, "துப்பாக்கி சென்னையில் ஒப்படைக்கப்பட்டுள்ளது, அங்கிருந்து கொண்டு வர அனுமதி வேண்டும்" என்று தெளிவாக எழுதுங்கள். வாய்ப்பேச்சு உதவாது. அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். வரும் வழியில் அந்தக் காகிதம் கையோடு இருக்க வேண்டும். தோட்டா போடாத துப்பாக்கியாக இருக்க வேண்டும் என்று சொல்லவே வேண்டியதில்லை.

காகிதம் முதலில் எல்லை தாண்ட வேண்டும். துப்பாக்கி அதன் பின்னால்தான் வர வேண்டும்.

"துருப்பிடிச்சது சார்!"

"அது சுடவே சுடாது, சும்மா சுவரிலே மாட்டியிருக்கு" என்பார்கள் சிலர். பழங்காலத்துத் துப்பாக்கிக்கும், கெட்டுப்போன துப்பாக்கிக்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுடாது என்கிற நிலையில் இருக்க வேண்டும். துருவைத் தேய்த்து, ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான். அதைத் தீர்மானிப்பவர் நீங்கள் அல்ல!

உயிரோடு இருக்கும்போதே...

இத்தனை அலைச்சலையும் பாதியாகக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, லைசென்சுக்காரருக்கு 70 வயது ஆகிவிட்டால், அல்லது துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்து விட்டால், தன் வாரிசு ஒருவரை அவரே குறிப்பிடலாம். தகுதி இருந்தால் அந்த வாரிசுக்கு லைசென்சு கொடுக்கலாம். அப்பாவே கையெழுத்துப் போடுவார். அப்பாவே துப்பாக்கியின் கதையையும் சொல்வார். துக்க வீட்டில் அம்மா தனியாக அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பிள்ளைகள் யாருக்கும் வேண்டாமா? அதையும் அவர் இருக்கும்போதே விற்று விடலாம். விற்கப் போவதைக் கலெக்டருக்கோ போலீஸ் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழித்துத்தான் கை மாற்ற வேண்டும்.

வீட்டில் சாவைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். "இப்ப எதுக்குடா அந்தப் பேச்சு?" என்று அப்பா எரிந்து விழலாம். ஆனாலும் பேசி விடுங்கள். இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அந்த லைசென்சு புத்தகத்தை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: யார் பெயர், எந்த எல்லை வரை, எந்தத் தேதி வரை.

நாளைக்கு டிக்கியைத் திறந்து காட்டும்போது படிப்பதை விட, இன்றைக்கே படித்து விடுவது நல்லது!