கடல் கடந்து நிற்கும் காந்தி சிலைகள்

பிற நாட்டு மண்ணில் சிலையாக நிற்கும் தேசியத் தலைவர்களுள் மகாத்மா காந்தி அளவுக்குப் பரவலாக இடம்பெற்றவர்கள் மிகச் சிலரே. ஆயினும் இச்சிலைகள் யாவும் ஒரே காரணத்திற்காக எழுந்தவையல்ல. சில, அவ்வவ்வூர் மக்கள் தமது வரலாற்றின் பொருட்டு எழுப்பியவை. ஏனையவை, இந்திய அரசு நல்லுறவின் பேரில் அன்பளிப்புச் செய்தவை. இவ்வேறுபாட்டை உணராமல் இச்சிலைகளைச் சூழ்ந்த சர்ச்சைகளை விளங்கிக்கொள்வது கடினம்.

1893இல் இளம் வழக்கறிஞரான காந்தி, நிறத்தின் காரணமாக முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட இடம் தென்னாபிரிக்காவின் பீற்றர்மரிட்ஸ்பேர்க். நூறு ஆண்டுகளின் பின்னர், 1993இல், அந்நகரில் அவரது சிலையைப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு திறந்துவைத்தார். அச்சிலைக்கு அங்கே ஒரு நியாயம் இருக்கின்றது. அவரைத் தென்னாபிரிக்காவுக்கு வரவழைத்தது தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் நிறுவனமே என்பதையும், 1908இல் ஜொஹனஸ்பேர்க் ஹமீதியா பள்ளிவாசல் முன்றலில் திரண்டோர் தமது பதிவுச் சான்றிதழ்களைத் தீயிலிட்டு எரித்தனர் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். அவ்விடத்தில் அச்சம்பவத்தை நினைவுகூர்வது கிடார வடிவிலான சின்னமொன்றாகும்.

கானாவில் நிகழ்ந்ததோ வேறு. 2016 ஜூனில் இந்திய ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி கானா பல்கலைக்கழகத்தில் காந்தி சிலையொன்றைத் திறந்துவைத்தார். சில மாதங்களுக்குள் அப்பல்கலைக்கழகப் பேராசிரியர்களே எதிர்ப்புக் கிளப்பினர். தென்னாபிரிக்காவில் வாழ்ந்த ஆரம்ப காலத்தில் காந்தி கறுப்பின மக்களை இழிவாகக் குறிப்பிட்டு எழுதியவற்றை அவர்கள் எடுத்துக்காட்டினர். 2018 டிசெம்பரில் சிலை அகற்றப்பட்டது. அவர் பின்னாளில் மாறினார் என்போர் உண்டு, அது உண்மையுங்கூட. ஆனால் அந்த எழுத்துகளும் அவருடையவையே. கேட்டுப் பெறாத அன்பளிப்பைத் திருப்பியனுப்பும் உரிமை அம்மக்களுக்கு உண்டு என்றே நாம் கருதுகின்றோம்.

இலங்கையிலும் சிலைகள் தாக்குதலுக்குத் தப்பவில்லை. 2012 ஏப்ரலில் மட்டக்களப்பில் காந்தி சிலையும் சுவாமி விபுலாநந்தர் சிலையும் உட்பட நான்கு சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. இருப்பினும், காந்தியை நினைவுகூர எமக்கு எவருடைய அன்பளிப்பும் தேவையில்லை. யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் இளைஞர்களின் அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் அவர் நேரில் இங்கு வந்தார். கதர் நிதி திரட்டியதோடு நில்லாது, தீண்டாமையைப் பற்றி எமது முன்னோரிடம் முகத்துக்கு நேரே பேசினார். அப்பயண உரைகளை அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய் 1928இல் நூலாக்கினார். அதன் பின் நாற்பது ஆண்டுகள் கழிந்தும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் போராடவேண்டியிருந்தது.

1948 ஜனவரியில் டில்லியில் அவர் மேற்கொண்ட இறுதி உண்ணாவிரதத்தின் நிபந்தனைகளுள், கைப்பற்றப்பட்ட பள்ளிவாசல்கள் மீள ஒப்படைக்கப்பட வேண்டும், முஸ்லிம்கள் அச்சமின்றி வாழ வகைசெய்யப்பட வேண்டும் என்பனவும் அடங்கும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வேளையில், அவருக்கு மாலை சூட்டி வந்த எமது சமூகம் அவ்வாறானதொரு குரலை எழுப்பவில்லை என்பதை இங்கு சொல்லித்தானாக வேண்டும்.

வலிகாமம் கிழக்கிலுள்ள புத்தூரிலும் இவ்விடயம் எழுந்தது, சிலையின் வடிவில் அல்ல. குடிமனைகளின் நடுவே அமைந்த மயானத்தை அகற்றுமாறு கோரி, 2017இல் கலைமதிக் கிராமத்து மக்கள் நாட்கணக்கில் அறவழியில் போராடினர். காந்தி 1927இல் இங்கு பேசிய விடயத்திலிருந்து அது வெகு தூரத்தில் இருக்கவில்லை. ஒக்டோபர் 2ஆம் திகதி சிலையடியில் உரையாற்றும் பிரமுகர்கள், ஓர் ஆண்டேனும் அந்தக் கிராமத்தில் போய்ப் பேசினால் என்ன?