கேம்பிறிட்ஜுக்கு ஆறு சிலிண்டரா?

1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். (புகையையும்தான்!) ஒபர்வில்லியேயில் என்னோடு வேலைசெய்யும் தம்பி ஒருவர் லண்டனில் அப்படியொரு ஏ60 வாங்கிவிட்டு, ஆறு சிலிண்டர் எஞ்சின் இறக்கலாமா என்று கேட்கிறார்.

அவுஸ்திரேலியாவில் 1962இலேயே இறக்கிவிட்டார்கள். ஏ60இன் 1622 சிசி எஞ்சினுக்கு அதே வரிசையில் இன்னும் இரண்டு சிலிண்டர் சேர்த்து, 2433 சிசி ஆக்கி, 'ஒஸ்ரின் பிறீவே' என்று விற்றார்கள். ஆனால் அது தொழிற்சாலை செய்த வேலை. கராச்சில் செய்தால் நீண்ட எஞ்சின் றேடியேற்றரில் முட்டும், முன்பாரம் கூடி ஸ்பிறிங் தாழும், கிளச்சும் கியர்பெட்டியும் கூடிய இழுவையைத் தாங்கவேண்டும். பிறேக்கைப் பலர் யோசிப்பதேயில்லை. என்னைக் கேட்டால் முதற்காசு அதற்குத்தான்.

பிரான்சில் 30 வருடம் கடந்த காருக்குக் 'கொலெக்சியோன்' பதிவு எடுக்கலாம்; மூல அமைப்பு மாறியிருக்கக்கூடாது. தம்பியின் சேமிப்பு முழுவதும் அந்தக் காரில்தான். எஞ்சினுக்கு முற்பணம் கட்டமுன் பதிவையும் காப்புறுதியையும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.