காயம்பட்ட பன்றியின் பின்னால்: தடம், வாசிப்பு, பொறுப்பு

1

அம்பு பட்டதும் பன்றி சுருண்டு விழுந்துவிடும் என்று நினைப்பவர்கள் சினிமா பார்த்தவர்கள்; அல்லது நம்மைப்போல் தமிழ் எம்.ஏ. படித்தவர்கள். துப்பாக்கிக் குண்டுக்கு இருக்கும் அதிர்ச்சி அம்புக்குக் கிடையாது. அம்பு அறுக்கிறது. அறுபட்ட இடம் வழியே ரத்தம் போகிறது. ரத்தம் போவதால் விலங்கு சாகிறது. இதற்கு நேரம் பிடிக்கும். நேரம் பிடிக்கும்வரை விலங்கு ஓடும். எனவே வில்வேட்டையில் அம்பு விடுவது ஒரு நொடி வேலை. மீதி எல்லாம் தேடுகிற வேலை.

இந்த 'மீதி'யைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். வேட்டை சரியா தப்பா என்ற பட்டிமன்றம் நோக்கமல்ல. காயம்பட்ட ஒன்றைத் தொடர்ந்து போவதற்குள் ஓர் அறிவுமுறை இருக்கிறது. அது யாரிடம் இருந்தது, எவர் கைக்குப் போனது, நம் இலக்கியம் அதை என்ன செய்தது என்பவைதான் என் கேள்விகள்.

2

முதலில் விஷயம். பன்றியின் இதயம் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. நெஞ்சின் அடிப்பகுதியில், முன்னங்கால்களுக்கு இடையில், தாழ்வாகவும் முன்தள்ளியும் இருக்கிறது. மான் கணக்கில் குறி வைத்தால் அம்பு குடலில் போய்ச் சேரும். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டை மேல் குருத்தெலும்பு மாதிரி இறுகிய தடித்த தோல் ஒரு கேடயமாக இருக்கிறது. ஆண்கள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் கிழித்துக்கொள்ளும் சண்டையில் காப்பது அதுதான். ஆகவே வில்லாளி நேர்ப்பக்கவாட்டில் நின்றோ, சற்றுப் பின்னாலிருந்து சாய்வாகவோ எய்கிறார். பக்கம் திரும்பாத பன்றி மேல் அம்பு விடக்கூடாது என்பது பாலபாடம்.

அம்பு பட்டபின் செய்யவேண்டியது ஓடுவதல்ல, உட்காருவது. துரத்தினால் காயத்தோடு அது மைல் கணக்கில் போகும்; விட்டுவிட்டால் பக்கத்துப் புதரிலேயே படுக்கும். எவ்வளவு நேரம் உட்காருவது என்பதை ரத்தம் சொல்லும். இளஞ்சிவப்பாய் நுரை கட்டியிருந்தால் நுரையீரல். அரைமணி நேரம் போதும். கருஞ்சிவப்பாய் இருந்தால் ஈரல். மூன்று நான்கு மணி நேரம். அம்புத் தண்டில் பச்சையும் பழுப்புமாய் நாற்றத்தோடு ஒட்டியிருந்தால் குடல். எட்டு மணி நேரத்துக்கு மேல், சமயத்தில் ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும். வெக்கையான ஊரில் அதற்குள் கறி கெட்டுப்போகும். காத்திருந்தால் கறி போச்சு, காத்திருக்காவிட்டால் பன்றியே போச்சு. இந்த இழுபறிக்கு எந்தக் கையேட்டிலும் விடை கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பன்றித் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு காயத்தின் வாயை அடைத்துவிடும். உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்க, தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. அப்போது மற்றக் குறிகளைப் பார்க்கவேண்டும்: ஓடும்போது விரிந்து பதிந்த குளம்பு, பின்னால் வீசியெறிந்த மண், புல்லின் எந்தப் பக்கத்தில் எந்த உயரத்தில் கறை, உரசிப்போன மரத்தில் ஒட்டிய மயிர், புரண்டு கிடக்கும் இலையின் ஈரமான அடிப்பக்கம். கடைசியாகப் பார்த்த சொட்டில் ஒரு அடையாளம் வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தேடவேண்டும். தடத்தின் மேல் மிதிக்கக்கூடாது, பக்கவாட்டில் நடக்கவேண்டும். தடம் அறுந்துபோனால் கடைசி அடையாளத்துக்குத் திரும்பி வந்து வட்டம் போட்டுத் தேடவேண்டும்.

தேனிப் பக்கம் ஒரு பெரியவரிடம் இதை ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தேன். வில் அவர் தொட்டதில்லை. சின்ன வயசில் வேல்கம்பும் நாயும்தான். சிரித்தார். "தம்பி, நீங்க பொஸ்தகத்துல படிச்சதைச் சொல்றீங்க. சரியாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க. ரத்தத்தைப் பாத்துக்கிட்டே குனிஞ்சு போனா பன்னி கிட்டயே போய் முட்டிக்குவீங்க. நாலு அடிக்கு ஒருக்கா நிமிந்து பாக்கணும்."

நாலு அடிக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது. குறிகளிலேயே மூழ்கிப்போன நம் விமர்சனத்துக்கும் இதைச் சொல்லலாம்.

3

கார்லோ கின்ஸ்பர்க் என்ற இத்தாலிய வரலாற்றாசிரியர் 1979இல் தடயங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓவியத்தின் காதுமடலையும் நகத்தையும் பார்த்து ஓவியனைக் கண்டுபிடித்த மொரெல்லி, வாய்தவறிய சொல்லைப் பிடித்துக்கொண்ட ஃபிராய்ட், சிகரெட் சாம்பலைப் பார்த்த ஷெர்லாக் ஹோம்ஸ் ஆகிய மூவரும் ஒரே அறிவுமுறையைக் கையாள்கிறார்கள் என்பது அவர் வாதம்: அற்பமான குறிகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத முழுமைக்குப் போவது. இதன் மூதாதை வேட்டைக்காரன். சேற்றில் குந்தி உட்கார்ந்து இந்த வழியாக ஏதோ போயிருக்கிறது என்று சொன்னவன்தான் முதல் கதைசொல்லியாக இருக்கக்கூடும் என்கிறார். தெரிதா 'சுவடு' என்பதைத் தத்துவச் சொல்லாக்கியது 1967இல். நம் மொழியில் சுவடும் சுவடியும் ஒலியளவில் பக்கத்துப் பக்கத்து வீடு. நாம்தான் அந்தக் கதவைத் தட்டவில்லை.

லூயி லீபன்பர்க் 1990இல் இன்னும் ஒரு படி மேலே போனார். கலஹாரிப் பாலைவனத்து சான் மக்களோடு தடம் பார்த்து நடந்தவர் அவர். தடம் தெளிவாக இருக்கிற இடத்தில் தொடர்வது ஒரு வகை. தடம் மறைந்தபின், 'இந்த வெயிலுக்கு இந்தக் காயத்தோடு அது எங்கே போகும்' என்று ஒரு ஊகத்தை வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு முன்கூட்டியே போய், அங்கே குறி இருக்கிறதா என்று சோதிப்பது வேறு வகை. குறி இல்லையென்றால் ஊகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஊகம் செய்யவேண்டும். அறிவியல் என்று நாம் சொல்வது இதைத்தானே என்று கேட்கிறார் லீபன்பர்க்.

சான் மக்களின் அம்பு சின்னது. ஒருவகை வண்டின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சை முனையில் தடவமாட்டார்கள், முனைக்குப் பின்னால் தடவுவார்கள். தவறிக் கை கீறினால் ஆபத்து. பட்ட விலங்கு சாக மணிக்கணக்கும் ஆகலாம், நாள்கணக்கும் ஆகலாம். இதில் நமக்கு முக்கியமானது வேறொன்று. ஜூ/ஹோவான்சி மக்களிடையே வேட்டைக் கறி எய்தவனுக்குச் சொந்தமில்லை; அம்பின் உடைமையாளருக்குச் சொந்தம். பங்கு பிரிக்கும் பொறுப்பும் அவருடையதே. அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வதால் எய்தவர் ஒருவர், உரியவர் வேறொருவர் ஆகிவிடுகிறார். பெரிய வேட்டைக்காரன் பெரிய ஆளாகிவிடாதபடி செய்துவைத்த ஏற்பாடு.

இதையே நம் புராணத்தோடு வைத்துப் பாருங்கள். பாரதத்தில் அர்ச்சுனனும் வேடன் வடிவில் வந்த சிவனும் ஒரே பன்றி மேல் அம்பு விடுகிறார்கள். உடனே சண்டை, யார் அம்பில் செத்தது என்று. ஒரு சத்திரியன் ஒரு வேடனுக்கு வேட்டைப் பங்கை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். வேடன் கடவுள் என்று தெரிந்ததும் காலில் விழுகிறான். வேடன் வேடனாகவே இருந்திருந்தால்? கதை அந்த இடத்துக்குப் போகாது.

4

புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் வல்வில் ஓரியின் வேட்டையைப் பாடுகிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. மிகை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த மிகை எதை நீக்குகிறது? தேடலை. ஐந்து விலங்கு, ஒரு சொட்டு ரத்தத் தடம் இல்லை. காத்திருப்பு இல்லை, குனிந்து நடப்பது இல்லை. இன்னொன்றும் கவனிக்கவேண்டும். இவனைப் பார்த்தால் கொன்றதை விலைக்கு விற்கிறவன் போலத் தெரியவில்லை, வளமுள்ளவனாக இருக்கிறான் என்று பாணர் தரப்பு எடைபோடுகிறது. விற்கிற வேட்டைக்காரன் அந்தப் பாட்டின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறான்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவன் வில்லோடும் நாய்களோடும் வந்து, தப்பிப்போன விலங்கைப் பார்த்தீர்களா என்று பெண்களிடம் கேட்கிறான். பிற்காலக் கோவைகளில் இது துறையாகவே இறுகிவிட்டது. திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்று வரிசையாக வரும். அம்பு தைத்த யானை இந்தப் பக்கம் வந்ததா? காதலுக்கு அது ஒரு சாக்கு. நம் உரைகாரர்கள் இந்தச் சாக்கை ரசித்தார்கள், வாத்தியார்கள் நமக்கு ரசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் காயம்பட்ட விலங்கு என்ன ஆயிற்று என்று இரண்டு வருட எம்.ஏ. வகுப்பில் யாரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. இந்தத் துறையில் உண்மையாகவே தடம் பார்ப்பது தோழி மட்டுமே. அவன் முகம், நிற்கிற நிலை, கேட்கிற கேள்வி ஆகியவற்றிலிருந்து வந்த காரியத்தை அவள் கண்டுபிடித்துவிடுகிறாள்.

சேக்கிழார் வேறு மாதிரி. திண்ணனார் வேட்டையில் வலையறுத்து ஓடிய பன்றியை நாணனும் காடனும் சேர்ந்துதான் தொடர்கிறார்கள். ஓட்டம் நீள்கிறது, களைப்பு வருகிறது, பசி வருகிறது. கடைசியில் திண்ணனார் பன்றியைக் கொல்வது அம்பால் அல்ல, கிட்டே போய்ச் சுரிகையால். தொடர்தலுக்கு உடம்பு உண்டு என்பதைத் தமிழில் இவ்வளவு விவரமாகச் சொன்ன இடம் எனக்குத் தெரிந்து அதுதான். அந்தத் தொடர்தலே அவர்களைக் காளத்தியின் அடிவாரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பக்திக் கதையாடல் பன்றியை விழுங்கிவிட்டாலும் வேடர் உழைப்பு செரிக்காமல் கிடக்கிறது.

5

கின்ஸ்பர்க் கட்டுரையில் நம்மை நேராகத் தொடுகிற இடம் ஒன்று உண்டு. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒப்பந்தத்தில் கைரேகை பதியவைத்தார். உள்ளூர் மக்களின் குறியறிவை எடுத்து அதே மக்கள் மேல் திருப்பினார்கள் என்கிறார் கின்ஸ்பர்க். 1871இல் தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் இதன் தொடர்ச்சி. தடம் பார்த்துப் பிழைத்த சமூகங்கள் பல, ரேகை பதிக்கவேண்டிய சமூகங்கள் ஆயின. தடத்தை வாசித்தவர்களை அதிகாரம் தடமாக வாசித்தது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தேவையான சட்டம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேட்டையைத் தடுத்தபோது வேட்டைக்குள் இருந்த அறிவுக்கு என்ன இடம் என்று யாரும் யோசிக்கவில்லை. விதிவிலக்காக ஒன்று நடந்தது. பாம்புத்தோல் வியாபாரம் நின்றபின் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பின் நஞ்சை எடுத்துவிட்டு அதைக் காட்டில் விடுகிறார்கள். அங்கிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017இல் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு தேட அழைத்துப் போனார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. நல்லது. ஆனால் விருது இரண்டு பேருக்குத்தான். அறிவு ஒரு சமூகத்தினுடையது.

6

இப்போது பன்றிக்கு வருவோம். மலையடிவாரத்தில் மரவள்ளி, மக்காச்சோளம் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே ராத்திரியில் பாதி வெள்ளாமை போய்விடுகிறது. கோபம் நியாயமானது. வேட்டை கூடாது என்பதால் வேறு வழிகள் வந்தன: கள்ளத்தனமாய் மின்சாரம் பாய்ச்சிய கம்பி, தீனிக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய். கடித்ததும் தாடை சிதறும், பன்றி உடனே சாகாது. தின்னவும் குடிக்கவும் முடியாமல் எங்கோ போய்ச் சாகும். 2020இல் பாலக்காட்டில் ஒரு கர்ப்பிணி யானை வெடி வைத்த காயால் வாய் சிதறி, ஆற்றில் நின்றபடியே செத்தது. பன்றிக்கு வைத்ததை யானை தின்றது.

வில்லுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வன்முறையின் அளவில் இல்லை. அம்பு விட்டவனுக்குப் பன்றி எங்கே போயிற்று என்று தெரிந்தாகவேண்டும். அதற்காக ராத்திரியெல்லாம் காத்திருக்கிறான், குனிந்து நடக்கிறான், கடைசியில் கோரைப்பல்லுக்கு நேரே போகிறான். காயத்துக்கும் காயப்படுத்தியவனுக்கும் நடுவே ஒரு ரத்தத் தடம் இருக்கிறது. அவுட்டுக்காய் அந்தத் தடத்தை அறுத்துவிடுகிறது. வைத்தவன் வீட்டில் தூங்குகிறான்.

2025இல் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்று முடிவெடுத்தது. சுடுவதா வேண்டாமா என்று விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். நான் அந்தப் பெரியவரிடம் கேட்டதற்கு அவர் விவாதத்துக்கே வரவில்லை. "சுடட்டும் தம்பி. குண்டு பட்டு ஓடுனதைத் தேடிப் போறதுக்கு அவங்ககிட்ட ஆள் இருக்கா?" என்றார்.