காப்புறுதி இருக்கிறது, தொகை போதுமா?

“முழுக் காப்புறுதி போட்டிருக்கிறேன், பிறகென்ன?” என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகையைப் பாருங்கள் என்பதே என் பதில்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாய் சரிந்தது. வாகன விலையும் சீமெந்து, கம்பி விலையும் எகிறின. ஆனால் பலர் பழைய தொகையிலேயே காப்புறுதியைப் புதுப்பித்து வருகிறார்கள்.

வீட்டைத் திரும்பக் கட்ட ஒரு கோடி ரூபாய் வேண்டும், காப்புறுதித் தொகையோ 50 இலட்சம் என்று வைப்போம். தீயில் 10 இலட்சம் ரூபாய் சேதம். ‘சராசரி’ விதி உள்ள பத்திரமானால் கிடைப்பது 5 இலட்சம்தான். அந்த விதி இருந்தால் வாகனத்துக்கும் இதே கணக்கு. வீட்டுக்குத் தொகை கணிக்கும்போது காணி விலையைச் சேர்க்க வேண்டாம், காணி எரிவதில்லை.

வெள்ளமும் புயலும் பத்திரத்தில் உண்டா என்றும் பாருங்கள். தீக் காப்புறுதியில் அவை தனியாகச் சேர்க்கப்பட வேண்டியிருக்கலாம். சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கே. உங்கள் வாகனம் நெளிந்தால் ஒரு சதமும் வராது.

அடுத்த புதுப்பித்தலுக்கு முன் இன்றைய விலைக்குத் தொகையைத் திருத்தச் சொல்லுங்கள். கட்டணம் சற்றுக் கூடும். ஆனால் விபத்து நடந்த பிறகு அந்தத் தொகையைத் திருத்த முடியாது.