குடியானவர்களின் மனக்கலக்கம்: அதை அறிந்து பரிகரிக்கும் விதம்

பயிரின் இலையில் ஒரு புள்ளி கண்டாலும் உடனே கவனிக்கும் குடியானவர்கள், தங்களிடம் தோன்றும் நோய்க்குறிகளை மாதக்கணக்கில் கவனியாது விட்டுவிடுகின்றனர். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடுவோர் மழையை எதிர்பார்த்து நிற்பவர். மலையடிவாரத்தில் மா, தென்னந் தோப்புகள் வைத்திருப்போருக்கு யானை, காட்டுப்பன்றிகளால் ஓயாத தொல்லை. 2018ஆம் ஆண்டில் மக்காச்சோளத்தைப் படைப்புழு அழித்ததை எவரும் மறந்திரார். இத்தகைய வேளைகளில் கவலை உண்டாவது இயல்பே. அது எப்பொழுது வியாதியாகிறது என்பதையே அறிந்துகொள்ள வேண்டும்.

குறிகள்

இயல்பான கவலை காரணம் நீங்கியதும் தணியும். மழை பெய்தால் உறக்கமும் திரும்பும். வியாதியாகிய கவலையோ மழை பெய்த பின்னரும் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றிக்கொண்டு பல மாதங்கள் நீடிக்கும். உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, தோள் இறுக்கம், வயிற்றுக்கோளாறு, காரணமற்ற சினம், வேலையில் மனம் செல்லாமை ஆகியவை இதன் குறிகள். சிலருக்குத் திடீரென மூச்சு முட்டி, உயிர் போவது போன்ற பீதி தோன்றிச் சிறிது நேரத்தில் தணியும். யானைக்குத் தப்பிய ஒருவர் ஒரு மாதத்திற்கு மேலும் அக்காட்சியே கனவில் வர, தோப்புக்குச் செல்ல மறுப்பாராயின் அது கோழைத்தனமன்று, சிகிச்சைக்குரிய நோயாகும்.

ஆபத்தில் ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தம் செய்யும் சுரப்புகள், ஆபத்து நீங்கிய பின்னும் அடங்காதிருப்பதே இதன் தன்மை. கிணறு வற்றிய பின்னும் ஓடும் மோட்டார் தன்னையே கெடுத்துக்கொள்வதை இதற்கு உவமையாகச் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை

பூச்சிமருந்து தெளித்த பின் வியர்வையும் நடுக்கமும் கண்டால் மனக்கலக்கமென்று இருந்துவிடலாகாது. மனக்கலக்கத்தில் பெரும்பாலும் வாய் உலரும். ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்திலோ வாயில் நீர் பெருகும், கண்மணி சுருங்கும், வாந்தி உண்டாகும். அத்தகையவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நெஞ்சுவலி கண்டவரும் இருதய நோய் இல்லையென்று வைத்தியர் சொல்லும்வரை அசட்டையாயிருத்தல் தகாது.

பரிகாரம்

இந்நோய்க்குப் பேச்சு முறைச் சிகிச்சையும் மருந்துகளும் உண்டு. மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். இடையில் தாமாக நிறுத்தலாகாது. மது உறக்கம் தருவது போலிருந்து மறுநாள் கலக்கத்தை மிகுதிப்படுத்தும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசாங்கச் சிகிச்சை பெறும் உரிமையை யாவர்க்கும் அளிக்கிறது. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் தமிழில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

கிராம அதிகாரிகளுக்கு

பயிர்ச்சேதக் கணக்கெடுக்கவும் பாக்கி வசூலிக்கவும் செல்லும் அதிகாரிகளே இத்தகையோரை முதலில் காண்பவர்கள். சேத விவரத்துடன் உறக்கத்தையும் உணவையும் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்தல் நலம். வாழ்வில் நம்பிக்கையற்றுப் பேசுவோரிடம் உயிரை விடும் எண்ணம் உண்டோ என்று பரிவுடன் நேரே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாகாது. அவரைத் தனியே விடாமல் வைத்தியரிடம் சேர்ப்பித்து, வீட்டிலுள்ள பூச்சிமருந்தை வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் செய்ய வேண்டும். கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூச்சிமருந்துகளைப் பொதுப் பெட்டகங்களில் பூட்டி வைக்கும் ஏற்பாடு சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. செலவு அதிகமில்லாத இம்முறையை மற்றக் கிராமத்தாரும் கைக்கொள்ளலாம். ஒரு போக மகசூல் போனால் மறு போகத்தில் ஈடு செய்யலாம். உழுபவர் போனால் அக்குடும்பத்திற்கு ஈடு ஏது?