மாவுப்பூச்சிக்கு எதிரி யார்?

ஆத்தூர், வாழப்பாடி, இராசிபுரம் பக்கத்துப் பள்ளிகளில் பணியாற்றுவோருக்கு மரவள்ளியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பல மாணவர்களின் வீட்டு வருமானமே அந்தக் கிழங்கையும் சேகோ ஆலையையும் நம்பித்தான் இருக்கிறது. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவிலேயே நம் வயல்களுக்கும் வந்துவிட்டது. நுனி இலைகள் சுருண்டு கொத்தாகும், கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாகும், கிழங்கு பருக்காது.

உணவு வலை பாடத்தின்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "மருந்து அடிச்சா செத்துடாதா சார்?" நல்ல கேள்வி. பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. சுருண்ட இலைக்குள் ஒளிந்தும் கொள்கிறது. இந்த இனத்தில் எல்லாமே பெண். ஆணின்றியே ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பத்துப் பூச்சி தப்பினால் போதும். மருந்தில் முதலில் சாவதோ அதைத் தின்னும் பொறிவண்டுதான்.

இப்பூச்சியின் தாயகம் தென் அமெரிக்கா. 1970களில் ஆப்பிரிக்காவுக்குப் பரவி, மரவள்ளியையே உணவாகக் கொண்ட மக்களைப் பட்டினிக்கு அருகே தள்ளியது. பூச்சி வந்தது, அதன் எதிரி உடன் வரவில்லை. ஆய்வாளர்கள் தென் அமெரிக்காவில் தேடி, 1981இல் பராகுவேயில் அனாகைரஸ் லோபெசி என்ற குளவியைக் கண்டார்கள். கடுகளவே உள்ள குளவி! ஆப்பிரிக்காவில் அப்பணியை வழிநடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021இல் அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து வளர்த்தது. 2022 மார்ச்சில் அதை வயலில் விட்ட இடம் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம்.

குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி பழுப்பாகி, கெட்டியான கூடாகிவிடும். பிறகு அதில் துளையிட்டுப் புதிய குளவி வெளிவரும். இதை வகுப்பில் காட்டலாம். மருந்து தெளிக்காத வயலிலிருந்து அத்தகைய கூடுகள் உள்ள இலைநுனியைக் கண்ணாடிப் புட்டியிலிட்டு, நெருக்கமாக நெய்த துணியால் வாயைக் கட்டுங்கள். நாள்தோறும் மாணவர்களே குறிப்பெழுதட்டும். குளவி வந்ததும் எடுத்த வயலிலேயே திறந்துவிட வேண்டும். பூச்சியுள்ள இலை வேறு ஊருக்குப் போகக் கூடாது. ஒரு எச்சரிக்கை: சிலவகைப் பொறிவண்டின் புழுவும் வெண்மெழுகு போர்த்தி, மாவுப்பூச்சி போலவே இருக்கும். ஆனால் அது சுறுசுறுப்பாக ஓடும். அதை நசுக்கிவிடாமல் பாருங்கள்.

குளவிக்கு வரப்பு தெரியாது. ஒருவர் காத்திருக்க, பக்கத்துக் காட்டுக்காரர் மருந்தடித்தால் இருவருக்கும் நட்டம். பூச்சியில்லாத செடியிலிருந்து விதைக்குச்சி எடுப்பதும் அப்படித்தான். ஊரே செய்தால்தான் பலன். ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்பதில் "ஒருங்கிணைந்த" என்ற சொல்லுக்கு ஊரையும் சேர்த்தே நான் பொருள் சொல்வேன்.

"கடன் வாங்கி நட்டிருக்கேன், குளவி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமா?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயம்தான். மருந்தையே தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தெளிப்பதற்கு முன் நுனி இலையைப் பிரித்து, பழுப்புக் கூடு இருக்கிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அந்த இலையோடு வேளாண் அலுவலரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்றேன்.